மெரோ கிராஃப் சரிஞ்சா முதல்ல எதைப் பார்க்கோணும்? ஐசியூ ஆன்டிபயோகிராம் பத்தி ஒரு விவாதம்

நொய்யல்கரை:
ஜனவரி வந்தா எல்லா லேப்லயும் ஆன்டிபயோகிராம் வேலைதாங்க, அதாவது போன வருசம் கல்ச்சர்ல வளர்ந்த எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாட்டிக் எத்தனை சதவீதம் கேட்டுச்சுங்கற அட்டவணை. கிளெப்சியெல்லாங்கற கிருமிக்கு மெரோபெனெம் (சுருக்கமா மெரோ) சென்சிடிவ் சதவீதம், அதாவது மருந்து கேக்குற சதவீதம், முந்தின வருசத்தை விட இருபது புள்ளி சரிஞ்சு நிக்குதுன்னு வெச்சுக்குவோம். உடனே "ஐசியூல எடுத்த எடுப்புல கோலிஸ்டினே போட்டுறலாமா"ன்னு அந்தக் கடைசி நிலை மருந்தைப் பத்தி மேல இருந்து கேள்வி வரும். நாடு முழுக்க அப்படித்தான் போகுதுன்னு சொல்லவும் ஆதாரம் இருக்குதுங்க. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கண்காணிப்புல ஈ.கோலையோட இமிபெனெம் (மெரோ குடும்பத்து மருந்து) எதிர்ப்பு 2016-ல 14%, 2021-ல 36%. கிளெப்சியெல்லா நிமோனியேவோட இமிபெனெம் சென்சிடிவ் அதே அஞ்சு வருசத்துல 65%-ல இருந்து 43%-க்கு இறங்கியிருக்கு. ஆனா அது பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளோட கணக்கு. ஈரோடு, திருப்பூர், கோபி, தாராபுரம் பக்கம் 100, 200 படுக்கை வெச்சிருக்கிற இடத்துல கிராஃப் விழுந்தா அது நெசமாலுமே கிருமியோட வேலையா, நம்ம கணக்கோட கோளாறான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? எதுக்கப்புறம் எதுன்னு வரிசையாச் சொன்னா உபயோகமா இருக்கும்.

பிளேட்வாசி:
தம்பி, கிராஃபை மூடி வெச்சுட்டு அதுக்குப் பின்னாடி இருக்கிற எக்செல்லைத் திறங்க.

ஒரு நோயாளி, ஒரு கிருமி, வருசத்துக்கு ஒரே ஐசொலேட், அதாவது கல்ச்சர்ல வளர்த்துப் பிரிச்செடுத்த கிருமி. முதல் முதல்ல வளர்ந்தது மட்டும். ரத்தமோ, சளியோ, மூத்திரமோ எதுல வளர்ந்தாலும் ஒண்ணுதான். சிஎல்எஸ்ஐங்கற அமெரிக்க லேப் தர அமைப்போட எம்39 வழிகாட்டியில இருக்கிற விதி இது. இதை விட்டா என்ன ஆகும்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 46 கிளெப்சியெல்லா ரிப்போர்ட். அதுல வென்டிலேட்டர்ல கிடந்த ரெண்டு பேர் ஆளுக்கு 9 தடவை சளி கல்ச்சர் கொடுத்திருக்காங்க, பதினெட்டும் ரெசிஸ்டன்ட். மெரோவுக்கு சென்சிடிவ் ஆனது மொத்தம் 18. அப்படியே வகுத்தா 39%. அந்த ரெண்டு பேரையும் ஆளுக்கு ஒண்ணா எண்ணினா மொத்தம் 30, சென்சிடிவ் அதே 18, ஆக 60%. கிருமி மாறலை, எண்ணினது மாறுச்சு. கேட்ட இருபது புள்ளி இங்கயே கிடைச்சிருச்சு பாருங்க.

எக்செல்ல பண்றதா இருந்தா யூஎச்ஐடி (ஆளுக்கு ஒண்ணா மாறாம இருக்கிற ஆஸ்பத்திரி நம்பர்), கிருமி, தேதி மூணையும் வெச்சு பழசு மேல வர்ற மாதிரி அடுக்கிட்டு, முதல் ரெண்டு நெடுவரிசையை மட்டும் டிக் பண்ணி டூப்ளிகேட் நீக்குங்க. இதுல ரெண்டு பொறி. ஐபி நம்பரை வெச்சுப் பண்ணக் கூடாது, ஒவ்வொரு அட்மிஷனுக்கும் அது மாறும், ஒரே ஆள் மூணு பேராயிடுவார். ரெண்டாவது, கிருமி பேரை ஒருத்தர் ஒரு மாதிரி டைப் பண்ணியிருப்பாங்க, கடைசியில ஒரு ஸ்பேஸ் எச்சா இருந்தாலே எக்செல்லுக்கு அது வேற கிருமி. உலக சுகாதார நிறுவனத்தோட ஹூநெட் மென்பொருள் இலவசம்தான், அதுல கோடு போட்டுத்தான் கிருமியை ஏத்துவோம், முதல் ஐசொலேட்டை அதுவே பொறுக்கிக்கும். இன்னும் எக்செல்லோட மல்லுக்கட்டுறதுல அர்த்தமில்லை.

ஸ்கிரீனிங்குக்கு எடுத்த ரெக்டல் ஸ்வாப், சிங்க்ல எடுத்த ஸ்வாப் எதுவும் இந்தக் கணக்குல வரக் கூடாது. மெரோ ரெசிஸ்டன்ட் ஆனதுக்கு மட்டும் போட்டுப் பார்க்கிற மருந்தோட சதவீதத்தையும் பொது அட்டவணையில போடாதீங்க. பொறுக்கி எடுத்த மோசமான கிருமிகள்ல பார்த்த ரிசல்ட் அது, மத்த நெடுவரிசையோட பக்கத்துல நின்னா ஆளை ஏமாத்தும்.

ஐசியூ_ராத்திரி:
பிளேட்வாசி அக்கா கணக்குல வந்த 30 தான் ஒரு கிருமிக்குக் குறைஞ்சபட்ச எண்ணிக்கை. ஆனா 30 இருந்துட்டா போதும்னு நினைக்கிறதும் தப்பு. 30 ஐசொலேட்ல 60% வந்தா 95% நம்பக எல்லை, அதாவது நெசமான சதவீதம் இருக்கக்கூடிய வரம்பு, ஏறத்தாழ 43-ல இருந்து 77 வரைக்கும். 300 இருந்தா 54-ல இருந்து 66. சின்ன ஆஸ்பத்திரியில ஒரு வருசம் 60, மறு வருசம் 48 வந்துச்சுன்னா அதை வீழ்ச்சின்னு சொல்லவே முடியாது. ரெண்டு வருசத்தைச் சேர்த்துப் போடுங்க, இல்லைன்னா சதவீதத்துக்குப் பக்கத்துல எண்ணிக்கையையும் அச்சடிங்க. பாதி சண்டை அதுலயே ஓஞ்சிரும்.

அடுத்து, கல்ச்சர் எப்போ அனுப்புறோம்கிறது. சாதா வார்டுல ஆன்டிபயாட்டிக் போட்டு அஞ்சு நாள் காய்ச்சல் விடாதப்பதான் கல்ச்சர் போகுதுன்னா, லேபுக்கு வர்றதே தேர்ந்தெடுத்த ரெசிஸ்டன்ட் கிருமிதான். முதல் டோஸுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கிற பழக்கம் வந்துட்டாலே அந்த வார்டோட சென்சிடிவ் சதவீதம் ஏறும். அதுக்காக யாரும் கோப்பை குடுக்க வேண்டாம், அதுவும் எண்ணின விதம் மாறினதுதான்.

பிரிச்சுப் போடுறதும் முக்கியம். ஐசியூ தனி, வார்டு தனி, ஓப்பி தனி. அட்மிஷன் ஆகி 48 மணி நேரத்துக்குள்ள எடுத்த சாம்பிள் தனி, அதுக்கப்புறம் எடுத்தது தனி. இங்க ரெஃபரல் ஜாஸ்தி. சத்தியமங்கலத்துல இருந்தும் வாளையாறு தாண்டி பாலக்காட்டுல இருந்தும் ஒரு நர்சிங் ஹோம்ல பத்து நாள் கிடந்துட்டு, டியூபும் கதீட்டருமா கோவைக்கு வர்றவங்க இருக்காங்க. அவங்க முதல் நாள் சாம்பிள் "வெளிய இருந்து வந்தது" கணக்குல விழும், ஆனா அது ஊருக்குள்ள இருக்கிற கிருமி இல்லை. "வேற ஆஸ்பத்திரியில இருந்து"ன்னு சாம்பிளோட லேபுக்குப் போற ரெக்விசிஷன் சீட்டுல ஒரு கட்டம் வெச்சா போதும்.

நொய்யல்கரை:
இவ்வளவும் சுத்தம் பண்ணி, ஹூநெட்லயும் போட்டு, அப்புறமும் விழுந்தா?

பிளேட்வாசி:
அப்போ பிரேக்பாயின்ட், அதாவது எந்த அளவு வரைக்கும் சென்சிடிவ்னு சொல்றதுங்கற சிஎல்எஸ்ஐ அட்டவணையோட வரம்பு. எந்த மருந்து விழுந்துச்சுன்னு பாருங்க. என்டரோபாக்டரேல்ஸுக்கு (கிளெப்சியெல்லா, ஈ.கோலை எல்லாம் சேர்ந்த கூட்டம்) சிப்ரோ 2019-ல மாறுச்சு, எம்ஐசி (கிருமி வளர்றதை நிறுத்துற குறைஞ்சபட்ச மருந்தளவு) 1 வரைக்கும் சென்சிடிவ்னு இருந்தது 0.25 ஆச்சு. பிப்டாஸ் (பிப்பெராசிலின்-டாசோபாக்டம்) 2022-ல 16-ல இருந்து 8. அமிகாசின் 2023-ல 16-ல இருந்து 4, ஜென்டா 4-ல இருந்து 2. லேப் புது அட்டவணைக்கு மாறின மாசத்துல இருந்து அமிகாசின் கோடு மொட்டை மாடியில இருந்து குதிச்ச மாதிரி இறங்கும். கிருமிக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஆனா மெரோபெனெமுக்கு இந்தச் சாக்கு செல்லாது. அது 2010-லயே 4-ல இருந்து 1-க்கு வந்துருச்சு, அதுக்கப்புறம் மாறலை. அதனால அமிகாசினும் பிப்டாஸும் விழுந்து மெரோ அசையாம நின்னா அட்டவணையைச் சந்தேகப்படுங்க. மெரோவும் சேர்ந்து விழுந்தா அது வேற சமாச்சாரம்.

இதுக்காகத்தான் எஸ், ஐ, ஆர் (சென்சிடிவ், இன்டர்மீடியட், ரெசிஸ்டன்ட்)னு மட்டும் ஏத்தி வெக்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிறோம். ஜோன் (மருந்து ஊறின டிஸ்கைச் சுத்திக் கிருமி வளராத வட்டம்) எத்தனை மில்லிமீட்டர், எம்ஐசி எத்தனைன்னு மூல அளவை ஏத்தி வெச்சிருந்தா ஹூநெட்ல பழைய அஞ்சு வருசத்தையும் புது அட்டவணையிலயே திருப்பிப் படிச்சுக்கலாம். வெறும் எழுத்தா இருந்தா பழசு பழசுதான், ஒப்பிடவே முடியாது.

பவானி_டெக்னீஷியன்:
பிளேட் பக்கத்தையும் சொல்லிடறேனுங்க, யாரும் அங்க வர மாட்டேங்கிறாங்க.

கிருமி வளர்க்கிற முல்லர் ஹின்டன் அகார் 4 மிமீ உயரம் நிக்கோணும். 90 மிமீ பிளேட்டுக்கு சுமார் 25 மிலி. செலவு மிச்சம்னு 18 மிலி ஊத்தினா ஜோன் பெருசாகி ரெசிஸ்டன்ட் கிருமி சென்சிடிவா தெரியும். கெட்டியா ஊத்தினா தலைகீழ். பிஎச் 7.2-ல இருந்து 7.4.

தண்ணி. நம்ம பக்கம் போர் தண்ணி எவ்வளவு உப்புன்னு கெட்டிலோட அடியைப் பார்த்தாலே தெரியும். டிஸ்டில்லேஷன் யூனிட் ரிப்பேர்னு ஆர்ஓ தண்ணியில, அதுவும் மெம்பிரேன் மாத்தாத ஆர்ஓ தண்ணியில மீடியா காய்ச்சினா கால்சியமும் மக்னீசியமும் எச்சாயிடும். சூடோமோனாஸுக்கு ஜென்டா, அமிகாசின் ஜோன் சுருங்கும். பொய்யான ரெசிஸ்டன்ஸ். கோவை டவுன்ல சிறுவாணித் தண்ணி வர்ற இடத்துல இது கண்ணுக்கே தெரியாது, பெருந்துறை தாண்டினா தெரியும். ரிசல்ட் முன்னாடியே தெரிஞ்ச ஏடிசிசி 27853 சூடோமோனாஸ் ஸ்ட்ரெய்ன் வெச்சு கியூசி (தரப் பரிசோதனை) போட்டா புது பேட்ச் மீடியாவுலயே பிடிச்சிரலாம். 25922 ஈ.கோலை மட்டும் போட்டுட்டு கியூசி ஓகேன்னு எழுதுறவங்களுக்கு இது சிக்காது.

சூடு. சித்திரை மாசம் ஈரோட்டுல ஏசி இல்லாத ரூம்ல சாதாரண இன்குபேட்டரை 35-ல வெச்சாலும் 38 காட்டும். அது சூடு பண்ணுற பெட்டி, குளிர வெக்கிற பெட்டி இல்லை. 35-க்கு மேல போனா ஸ்டஃபிலோகாக்கஸ்ல எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினுக்கு அடங்காதது) நழுவிடும், அதைக் கண்டுபிடிக்கிற செஃபாக்சிட்டின் ஜோன் பெருசா வந்து ஏமாத்தும். கோடையில எம்ஆர்எஸ்ஏ குறைஞ்சிருச்சுன்னு சந்தோசப்படுறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் நோட்டைப் புரட்டிப் பாருங்க.

டிஸ்க். ஸ்டாக் மைனஸ் 20-ல. வெளிய எடுத்த உடனே மூடியைத் திறந்தா உள்ள வேர்த்துப் போகும், இமிபெனெமும் கிளாவுலனேட்டும்தான் முதல்ல சாகும். ரூம் சூட்டுக்கு வர ஒரு மணி நேரமாச்சும் விட்டுட்டுத் திறங்க. ராத்திரி கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்னு காலையில வந்திருந்தா அது யாருக்கும் தெரியாது. ஃப்ரீசர்ல ஒரு டம்ளர்ல தண்ணியை உறைய வெச்சு மேல ஒரு ரூபாய்க் காசு வெச்சிருங்க. காசு முங்கியிருந்தா ஐஸ் உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். டேட்டா லாகர் வாங்க காசில்லாத லேபுக்கு அந்த ஒத்தை ரூபாய் போதுமுங்க.

பிளேட்வாசி:
காசு யோசனை அருமை. ஒரு திருத்தம் மட்டும்: இமிபெனெம் டிஸ்க் செத்துப்போனா இமிபெனெம் ரெசிஸ்டன்ட்டாவும் மெரோ சென்சிடிவாவும் வரும். கிளெப்சியெல்லாவுல அப்படி வந்தா டிஸ்கைச் சந்தேகப்படலாம். புரோட்டியஸ், மார்கனெல்லாவுல அப்படி வந்தா டிஸ்கைத் திட்டாதீங்க, இமிபெனெம் எம்ஐசி அதுகளுக்கு இயல்பாவே கொஞ்சம் எச்சு.

வார்டு_சிஸ்டர்:
லேப் எல்லாம் சரி, கிராஃப் நிஜமாவே விழுதுன்னு வெச்சுக்குவோம். அப்பவும் "மருந்தை மாத்தலாமா"ங்கறது ரெண்டாவது கேள்விதாங்க. கிருமி ஒரு படுக்கையில இருந்து இன்னொரு படுக்கைக்கு எப்படிப் போச்சுங்கறதுதான் முதல் கேள்வி.

ஐசியூவுக்குள்ள போனதும் மருந்து டிராலியைப் பாருங்க. 500 மிலி நார்மல் சலைன் பாட்டில் ஒண்ணு, ரப்பர் மூடியில ஒரு ஊசி குத்தினபடி நிக்கும். காலையில திறந்தது, ராத்திரி வரைக்கும் எல்லா படுக்கைக்கும் லைன் ஃப்ளஷ் பண்ண அதுல இருந்துதான் உறிஞ்சுவாங்க. ஒரு கை அழுக்கு ஒருக்கா உள்ள போனா போதும், ஏசி ரூம்லயும் சலைன்ல செராஷியா, பர்கோல்டேரியா, கிளெப்சியெல்லா எல்லாம் பெருகும். நாலு படுக்கையில ஒரே வாரத்துல ஒரே ஆன்டிபயோகிராமோட ரத்தக் கல்ச்சர் பாசிட்டிவ் ஆச்சுன்னா நான் முதல்ல கேக்குறது "பாட்டில் எங்கே"ன்னுதான். 10 மிலி ஆம்ப்யூல், ஒரு ஆளுக்கு ஒண்ணு, உடைச்சா உடனே தீர்க்கோணும். அந்தச் செலவு ஒரு நாள் மெரோபெனெம் செலவைத் தாண்டாது.

அப்புறம் கை கழுவுற சிங்க். சூடோமோனாஸும் கிளெப்சியெல்லாவும் வடிகால் வளையத்துல குடியிருக்கும். குழாய்த் தண்ணி நேரா ஓட்டையில விழுந்தா ஒரு மீட்டர் வரைக்கும் தெறிக்கும். அந்த ஒரு மீட்டருக்குள்ளதான் மருந்து கலக்குற மேசை இருக்கும், போய்ப் பாருங்க. மிச்சமான ஆன்டிபயாட்டிக், டீ, டியூப் ஃபீட் எல்லாத்தையும் அதே சிங்க்ல ஊத்துறது கிருமிக்கு விருந்து வெக்கிற மாதிரி.

அசினெட்டோபாக்டர் காஞ்ச இடத்துலயும் வாரக்கணக்குல உசுரோட இருக்கும். மானிட்டர் பட்டன், பெட் ரெயில், ஸ்டெத். 5% ஹைப்போகுளோரைட்டை ஒண்ணுக்கு 49 பங்கு தண்ணி சேர்த்தா 0.1% வரும். காலையில கலக்கினது பொழுதோட வரைக்கும் மட்டும், வெயில் படுற ஜன்னல் ஓரத்துல வெச்சா அதுவரைக்கும் கூட தாங்காது.

ஹேண்ட் ரப் தீர்ந்துடுதுன்னு சாக்குச் சொல்றவங்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தோட கலவை: 96% எத்தனால் 8333 மிலி, 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மிலி, 98% கிளிசரால் 145 மிலி, காய்ச்சி ஆறின தண்ணியில 10 லிட்டர் ஆக்கி 72 மணி நேரம் மூடி வெக்கோணும். பாட்டில்ல இருக்கிற ஸ்போர் சாகிறதுக்குத்தான் அந்த மூணு நாள், அவசரப்பட்டு அன்னிக்கே ஊத்திக் குடுத்துராதீங்க. 1000 நோயாளி-நாளுக்கு 20 லிட்டராச்சும் செலவாகோணும். ஸ்டோர் நோட்டுல 6 லிட்டர்னு இருந்தா, சுவத்துல ஒட்டியிருக்கிற, கை சுத்தம் பண்ண வேண்டிய அஞ்சு தருண போஸ்டரை யாரும் படிக்கலைன்னு அர்த்தம்.

மருந்துக்கட்டு:
சிஸ்டர் ஸ்டோர் நோட்டைச் சொன்னதால நானும் ஒண்ணு. மெரோ செலவையும் இதே கிராஃப்ல மேல வரைஞ்சு பாருங்க. செலவான கிராமை டிடிடியால (ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குன்னு உலக சுகாதார நிறுவனம் வெச்சிருக்கிற அளவு) வகுத்து, படுக்கை-நாளால வகுத்து, 100-ஆல பெருக்கோணும். மாசம் 900 ஒரு கிராம் வயல், 3000 படுக்கை-நாள்னா 900-ஐ 3-ஆல வகுத்து 300, ஆக 100 படுக்கை-நாளுக்கு 10.

இங்கயும் ஒரு பொறி இருக்கு. மெரோபெனெமோட டிடிடி 2019-ல 2 கிராம்ல இருந்து 3 கிராம் ஆச்சு. பழைய டிடிடியில அதே செலவு 15. எக்செல்ல யாரோ டிடிடியை மட்டும் புதுசாக்கிட்டாங்கன்னா "மெரோ உபயோகம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சும் ரெசிஸ்டன்ஸ் கூடுதே, ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாடு பிரயோசனமில்லை"ன்னு முடிவுக்கு வந்துருவாங்க.

வெளிய இருந்து வர்ற அழுத்தத்தையும் மறக்க வேண்டாம். 2014 மார்ச்ல இருந்து ஷெட்யூல் எச்1, அதாவது மருந்துக்கடை ரிஜிஸ்டர்ல எழுதி விக்க வேண்டிய மருந்துப் பட்டியல், அமல்ல இருக்கு. செஃபிக்சைம், லீவோ, ஃபாரோபெனெம் எல்லாமே அதுல உண்டு. டாக்டர் பேர், நோயாளி பேர், அளவு எழுதின ரிஜிஸ்டரை மூணு வருசம் வெச்சிருக்கோணும். ஃபாரோபெனெம் வாயில சாப்பிடுற பெனெம், மெரோவுக்குச் சொந்தம். மூத்திரத் தொற்றுக்கு ஓப்பியில அதை எழுதிட்டு, ஆறு மாசம் கழிச்சு அதே ஆள் ஐசியூவுக்கு வர்றப்போ மெரோ கேக்கலையேன்னு ஆச்சரியப்படக் கூடாது.

நொய்யல்கரை:
சரிங்க. இப்போ கோலிஸ்டின் கேள்விக்கு வருவோம். நிஜமாவே விழுந்திருந்தா?

ஐசியூ_ராத்திரி:
அப்பவும் எல்லாருக்கும் கோலிஸ்டின் கிடையாது. கார்பபெனெமேஸ் (மெரோ மாதிரி மருந்தை உடைக்கிற நொதி) எந்த வகைன்னு தெரியாம மருந்து தேர்ந்தெடுக்க முடியாது. நம்ம நாட்டுல கிளெப்சியெல்லாவுல என்டிஎம்மும் ஆக்ஸா-48 குடும்பமும்தான் பெரும்பாலும், பல கிருமியில ரெண்டும் சேர்ந்தே இருக்கும். ஆக்ஸா-48 தனியா இருந்தா செஃப்டாசிடைம்-அவிபாக்டம் கேக்கும். என்டிஎம் இருந்தா அது தனியா உதவாது, கூட அஸ்ட்ரியோனாம் சேர்க்கோணும். விலையைப் பார்த்தா குடும்பத்துக்குத் தலை சுத்தும், அதனாலதான் லேப் பதில் அன்னிக்கே வேணும்னு கேக்குறோம்.

கோலிஸ்டினோட தொல்லை மூணு. நுரையீரலுக்குள்ள சரியா போகாது. கிட்னியைக் கெடுக்கும். அளவுக் குழப்பம்: 10 லட்சம் யூனிட்ங்கறது சுமார் 80 மிகி கோலிஸ்டிமெத்தேட், அதுவே சுமார் 33 மிகி கோலிஸ்டின் பேஸ். ஒரு வயல்ல யூனிட், இன்னொண்ணுல மிகி. லோடிங் 90 லட்சம் யூனிட், கிட்னி மோசமா இருந்தாலும் லோடிங்கைக் குறைக்கிறதில்லை, அடுத்தடுத்த டோஸைத்தான் குறைக்கிறது. கிரியேட்டினைன் பார்த்துப் பயந்து லோடிங்கை விட்டா முதல் ரெண்டு நாள் ரத்தத்துல மருந்தே ஏறாது. அந்த ரெண்டு நாள்தான் ஆளைக் காப்பாத்துற நாள்.

எல்லாருக்கும் கோலிஸ்டின் போட்டா அது எட்டாத கிருமிக்கு இடம் காலியாகும். புரோட்டியஸ், ப்ராவிடென்ஷியா, மார்கனெல்லா, செராஷியா எல்லாம் பிறவியிலயே கோலிஸ்டினுக்கு அடங்காதது. அடுத்த வருச கிராஃப்ல அதுக தலை தூக்கும்.

பவானி_டெக்னீஷியன்:
அன்னிக்கேங்கறது முடியாதுங்க டாக்டர், மறுநாள் காலையில முடியும். கார்பபெனெமேஸ் இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட் எம்சிஐஎம்: 2 மிலி டிரிப்டிக் சோய் பிராத்ல 1 மைக்ரோலிட்டர் லூப் நிறைய கிளெப்சியெல்லாவைக் கரைச்சு, 10 மைக்ரோகிராம் மெரோபெனெம் டிஸ்க் ஒண்ணைப் போட்டு 35 டிகிரியில 4 மணி நேரம். கூடவே அது மெட்டாலோ வகையான்னு பார்க்கிற இசிஐஎம்முக்கு இன்னொரு டியூப், அதுல 0.5 மோலார் இடிடிஏ 20 மைக்ரோலிட்டர். அப்புறம் டிஸ்குகளை எடுத்து, டியூப் ஓரத்துல தேய்ச்சு ஈரத்தை வடிச்சுட்டு, 25922 ஈ.கோலை பூசின பிளேட்ல வெக்கோணும். மறுநாள் ஜோன் 6-ல இருந்து 15 மிமீன்னா கார்பபெனெமேஸ் உண்டு. 19-ஓ அதுக்கு மேலயோன்னா கார்பபெனெமேஸ் இல்லை. இடிடிஏ டிஸ்கோட ஜோன் 5 மிமீயோ அதுக்கு மேலயோ எச்சா இருந்தா மெட்டாலோ, அதாவது நம்ம ஊருல என்டிஎம்னு எடுத்துக்கலாம். என்டிஎம்மும் ஆக்ஸாவும் சேர்ந்திருந்தா இசிஐஎம் ஆக்ஸாவை மறைச்சு என்டிஎம்மை மட்டும் காட்டலாம், இல்லைன்னா என்டிஎம் இருந்தும் இல்லைன்னு காட்டலாம். அதை ரிப்போர்ட்டுல ஒரு வரி எழுதிருங்க.

வடிக்காம ஈரத்தோட வெச்சா பிராத்ல இருக்கிற கிருமியும் பிளேட்ல பரவி ஜோனைக் கெடுக்கும். புது ஆள் பண்றப்போ நடக்கிற தப்பு பெரும்பாலும் அதுதானுங்க.

கோலிஸ்டினுக்கு டிஸ்க் டிஃப்யூஷன் போடவே போடாதீங்க. மூலக்கூறு பெருசு, அகார்ல ஊறாது. பிராத் டிஸ்க் எல்யூஷன் சுலபம்: 10 மிலி முல்லர் ஹின்டன் பிராத் நாலு டியூப், 10 மைக்ரோகிராம் கோலிஸ்டின் டிஸ்க் 0, 1, 2, 4-ன்னு போட்டு அரை மணி நேரம் விட்டு, 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல் அளவுக்குக் கரைச்ச கிருமியில இருந்து 50 மைக்ரோலிட்டர். அசினெட்டோவுக்கு இந்த முறை வேண்டாம், மைக்ரோ டைல்யூஷன்தான். இன்னொண்ணு, சிஎல்எஸ்ஐ 2020-ல இருந்து கோலிஸ்டினுக்கு "சென்சிடிவ்"னு ஒரு வகையே இல்லை. 2 வரைக்கும் இன்டர்மீடியட், 4-ல இருந்து ரெசிஸ்டன்ட். "கோலிஸ்டின் 95% சென்சிடிவ்"னு எந்த ஆன்டிபயோகிராம்லயாவது பார்த்தா அது இந்த அட்டவணைப்படி போட்டதில்லை.

பண்ணை_வைத்தியம்:
கோலிஸ்டின் பேச்சு வந்தா எங்க நாமக்கல், பல்லடம் பக்கம் விரல் நீளும், அதனால முந்திக்கிறேன். தீவனத்துல வளர்ச்சிக்குன்னு கோலிஸ்டின் கலந்தது உண்மை. 2019 ஜூலையில மத்திய அரசு உணவுக்கான கால்நடை, கோழி, மீன் எதுக்கும் தயாரிக்கவோ விற்கவோ கூடாதுன்னு தடை போட்டாச்சு. அது சரியான முடிவு. ஆனா ஐசியூ கிளெப்சியெல்லாவுல பார்க்கிற கோலிஸ்டின் எதிர்ப்பு பெரும்பாலும் அந்தக் கிருமியோட சொந்த குரோமோசோம்ல எம்ஜிஆர்பி மாதிரி மரபணு கெட்டதால வர்றது. கோழியில பேசப்படுற எம்சிஆர் பிளாஸ்மிட் (கிருமி விட்டுக் கிருமி தாவுற எதிர்ப்பு மரபணு) அங்க அபூர்வம். அதனால ஐசியூவுல கோலிஸ்டின் எதிர்ப்புக்கு முட்டையைக் கை காட்டுறது வசதியான பழி.

எங்க பக்கத்துப் பழி வேற இடத்துல இருக்கு. என்ரோஃப்ளாக்சசின். குஞ்சு கொஞ்சம் வாடினா தண்ணித் தொட்டியில ஊத்துற பழக்கம். சிப்ரோவுக்கு அது ஒட்டின தம்பி. அப்புறம் கோழி எரு: மக்க விடாம பச்சையாவே மஞ்சள் காட்டுக்குப் போகுது. குவிச்சு, ஈரம் பார்த்து, புரட்டிப் போட்டு உள்சூடு 55 டிகிரிக்கு மேல பல நாள் நின்னா கிருமி பெருமளவு சாகும். ஆனா குவியலோட ஓரம் சூடாகாது, புரட்டாம விட்டா ஓரத்துல இருக்கிறது அப்படியே காட்டுக்குப் போயிரும்.

வார்டு_சிஸ்டர்:
அண்ணா சொல்றது நியாயம். வார்டுல உதவாத பேச்சு அது, சலைன் பாட்டிலை எடுக்கிறதுக்கு நாமக்கல் வரைக்கும் போக வேண்டியதில்லை.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றிங்க. நான் புரிஞ்சுக்கிட்ட வரிசை: டூப்ளிகேட், எண்ணிக்கை, ஐசியூ-வார்டு பிரிப்பு, பிரேக்பாயின்ட், மீடியா-டிஸ்க்-இன்குபேட்டர், அப்புறம் ஒரே மாதிரி ஆன்டிபயோகிராம் ஒரே வாரத்துல குவியுதான்னு படுக்கை வாரியா பார்க்கிறது, அதுக்கப்புறம்தான் மருந்துக் கொள்கை. ஒரு சந்தேகம். முதல் ஐசொலேட் மட்டும் எடுத்தா, சிகிச்சை நடுவுல ரெசிஸ்டன்ட் ஆகுறது கண்ணுல படாம போயிராதா?

பிளேட்வாசி:
போகும். ஆன்டிபயோகிராம் அதுக்கான கருவி இல்லை. அது கல்ச்சர் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி முதல் டோஸ் எதுன்னு முடிவு பண்ண மட்டும். நடுவுல மாறுறதைப் பார்க்கோணும்னா நீக்கின அந்த டூப்ளிகேட்டையே தனி ஷீட்ல வெச்சு, ஒரே ஆளோட முதல் எம்ஐசியையும் கடைசி எம்ஐசியையும் பக்கத்துல போடுங்க. அதனால டூப்ளிகேட்டை அழிக்காதீங்க, மறைச்சு வெயுங்க. எக்செல் நீக்கினா திரும்ப வராது, முதல்ல ஒரு காப்பி எடுத்துக்குங்க.